ஜெர்மனி கெட்டது யாரால்? இரண்டு ‘தான்’களுக்கு ஒரு பதில்

கேள்வி இது: “ரஷ்யா கேஸை நிறுத்தியதால்தான் ஜெர்மனி படுத்துவிட்டது, அகதிகளை உள்ளே விட்டதால்தான் அங்கே வலதுசாரிக் கட்சி வளர்ந்தது என்கிறார்கள். உண்மையா? அங்கே சாதாரண ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? அந்தப் பழைய பைப்லைனைத் திறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?”

நான் இருப்பது ஹம் என்ற ஊர். ஜெர்மனியின் மேற்கே, ரூர் நிலக்கரிப் பகுதியின் கிழக்கு ஓரம். 2001-ல் கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். மின்சாரம், கேஸ் வினியோகிக்கிற நிறுவனங்களுக்கு மீட்டர் கணக்கும் பில்லும் போடும் மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. அதனால் இந்த நாட்டு அரசியலை நான் பேப்பரில் படித்ததைவிட பில்லில் படித்தது அதிகம்.

உங்கள் கேள்வியில் இரண்டு ‘தான்’ இருக்கிறது. ‘நிறுத்தியதால்தான்’, ‘விட்டதால்தான்’. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் இரண்டு வாக்கியமும் பாதி உண்மை. ‘தான்’ சேர்ந்ததும் இரண்டுமே தப்பு. வெளியிலிருந்து கேஸ் வாங்கினார்கள், வெளியிலிருந்து ஆள் எடுத்தார்கள், வெளியே கார் விற்றார்கள். மூன்றையும் “இது வெறும் வியாபாரம், பயப்பட ஒன்றுமில்லை” என்றே ஜனங்களுக்கு ஐம்பது வருடமாகச் சொல்லி வந்தார்கள். வெறும் வியாபாரம் இல்லை என்பது இரண்டு மூன்று வருடத்துக்குள் வரிசையாகத் தெரிய வந்தது. இங்கே நீங்கள் கேட்கிற கோபமெல்லாம் அந்த ஏமாற்றத்தின் கோபம்தான். (இந்தத் ‘தான்’ என்னுடையது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேஸ் கதை புடினோடு தொடங்கியதில்லை. 1970 பிப்ரவரியில் எஸ்ஸன் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. மேற்கு ஜெர்மனியின் மன்னஸ்மான் நிறுவனம் பெரிய எஃகுக் குழாய்களைக் கொடுக்கும், ஜெர்மன் வங்கிகள் அதற்குக் கடன் கொடுக்கும், சோவியத் யூனியன் அதே குழாயில் கேஸ் அனுப்பிக் கடனை அடைக்கும். 1973-ல் கேஸ் வந்துவிட்டது. அப்போது பிரதமர் இடத்தில் இருந்தவர் வில்லி பிராண்ட். கிழக்கோடு உறவை வளர்த்தால் பகை குறையும் என்பது அவர் கொள்கை. ரூர் பகுதிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருந்தது: குழாய் செய்கிற வேலை அவர்களுக்கு. அதனால் இந்த ஒப்பந்தத்தை இங்கே யாரும் ‘ரஷ்யாவை நம்புவது’ என்று பார்க்கவில்லை. ஆலைக்கு ஆர்டர் வந்தது, அவ்வளவுதான்.

1980-களின் தொடக்கத்தில் சைபீரியாவிலிருந்து புதுக் குழாய் போடும்போது அமெரிக்க அதிபர் ரீகன் தடுத்துப் பார்த்தார், தடை விதித்தார். ஜெர்மனியின் ஹெல்முட் ஷ்மிட் மட்டுமல்ல, ரீகனின் நெருங்கிய தோழி மார்கரெட் தாட்சரே அதை எதிர்த்தார். 1982 நவம்பரில் ரீகன் தடையை விலக்கிக்கொண்டார். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலத்திலும் ரஷ்யக் கேஸ் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. என் வயதுக்கு மேற்பட்ட ஜெர்மன்காரர் யாரிடம் பேசினாலும் இந்த ஒரு வரி வந்துவிடும்: “அவன் சண்டைக் காலத்திலேயே ஒரு நாள்கூட நிறுத்தவில்லையே.” கடனைச் சரியாகக் கட்டி வந்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள்.

தப்பு நடந்தது பிற்பாடு. 2005-ல் கெர்ஹார்ட் ஷ்ரோடர் பிரதமர் பதவியில் இருந்தபோது பால்டிக் கடலடிக் குழாய்க்கு, அதாவது நார்ட் ஸ்ட்ரீமுக்கு, ஒப்பந்தம் போட்டார்கள். அதே ஆண்டு தேர்தலில் பதவி போனது. சில வாரங்களில் அந்தக் குழாய்க் கம்பெனியிலேயே பங்குதாரர் குழுத் தலைவராக உட்கார்ந்தார். நம் ஊரிலாவது இதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டு மச்சான் பெயரில் செய்வார்கள். 2011-ல் குழாய் திறப்பு விழாவில் அவருக்கு அடுத்து பிரதமரான மெர்க்கல் நின்றார். 2014-ல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தது. அடுத்த வருடமே இரண்டாவது குழாய்க்கு ஒப்பந்தம் ஆனது. அதே 2015-ல்தான் ரேடன் என்ற இடத்தில் இருக்கிற, நாட்டிலேயே பெரிய நிலத்தடிக் கேஸ் சேமிப்பு, ரஷ்ய அரசின் கேஸ் கம்பெனியான காஸ்ப்ரோம் கைக்குப் போனது. சமையல் எண்ணெய் விற்கிறவனிடமே நம் வீட்டு எண்ணெய்ப் பானையின் சாவியையும் கொடுத்த மாதிரி. 2021 குளிர்காலத்தில் அந்தச் சேமிப்பு ஏறக்குறைய காலியாகக் கிடந்தது. அப்போது ஜெர்மனி இறக்குமதி செய்த கேஸில் சுமார் 55 சதவீதம் ரஷ்யாவிலிருந்து. அடுத்த பிப்ரவரியில் உக்ரைன் போர்.

இடையில் ஒன்று. 2018 செப்டம்பரில் ஐநா சபையில் டிரம்ப், ஜெர்மனி ரஷ்யாவின் பிடிக்குள் போகப்போகிறது என்று சொன்னபோது, ஜெர்மன் தூதுக்குழு உட்கார்ந்து சிரித்தது. அந்த வீடியோ இங்கே இப்போதும் சுற்றுகிறது. டிரம்ப்பைப் பிடிக்காத ஆட்கள்கூட அதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இப்போது என் பக்கத்து வீட்டுக்குப் போவோம். பெரியவருக்கு எண்பதை நெருங்குகிறது. ஹம்மில் இருந்த ஹைன்ரிஷ் ராபர்ட் சுரங்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கீழே இறங்கியவர். சுரங்கத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் சம்பளத்தோடு நிலக்கரியும் கொடுப்பார்கள். லாரி வந்து நடைபாதையில் கொட்டிவிட்டுப் போகும். அதைச் சின்ன ஜன்னல் வழியாக நிலவறைக்குள் தள்ள வேண்டும். 1990-களில் வீட்டைச் சூடாக்க அவரும் கேஸுக்கு மாறினார். சுத்தம், சாம்பல் அள்ள வேண்டாம், மனைவிக்கு இருமல் குறையும். நிலக்கரி அறையில் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டார். சுரங்கமும் 2010-ல் மூடியாயிற்று.

2022 இலையுதிர்காலத்தில் ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார். கையில் கடிதம். அதுவரை மாதம் 95 யூரோ கட்டியவருக்கு இனி 310 என்று வந்திருந்தது. இங்கே கேஸுக்கு மாதாமாதம் ஒரு தோராயத் தவணை கட்டுவோம், வருடக் கடைசியில் மீட்டர் பார்த்துக் கணக்குத் தீர்ப்பார்கள். “நீதானே இதையெல்லாம் கணக்குப் போடுகிறவன், தப்பு எங்கே என்று பார்” என்றார். பார்த்தேன். தப்பு இல்லை. மொத்தச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணிக்கு 20 யூரோவைச் சுற்றி விற்ற கேஸ் அந்த ஆகஸ்டில் 300-ஐத் தாண்டிப் போயிருந்தது. ரஷ்யா கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் குறைத்து, ஆகஸ்ட் கடைசியோடு நார்ட் ஸ்ட்ரீமை மொத்தமாக நிறுத்தியது. செப்டம்பர் 26-ல் போர்ன்ஹோம் தீவுக்குப் பக்கத்தில் குழாய்களே வெடித்தன. அன்றிலிருந்து பெரியவர் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, காலையில் காபி போடுவதற்கு முன்னால் நிலவறைக்கு இறங்கி மீட்டர் எண்ணை எழுதத் தொடங்கினார். தேதி, எண், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம், வெளியே வெப்பநிலை. நான்கு பத்தி, அழகான கையெழுத்து.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 200 பில்லியன் யூரோ வரை ஒதுக்கினார்கள். டிசம்பர் மாதத் தவணையை அரசே கட்டியது. 2023-ல், பழைய பயன்பாட்டில் 80 சதவீதத்துக்கு யூனிட்டுக்கு 12 சென்ட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். (அந்த விதியை மென்பொருளுக்குள் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு தனிக் கதை. கிறிஸ்துமஸ் விடுமுறை போனது.) வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் துறைமுகத்தில் சுமார் 200 நாளில் திரவ எரிவாயு முனையம் கட்டி டிசம்பரில் திறந்தார்கள். ஒரு விமான நிலையத்தைக் கட்ட 14 வருடம் எடுத்த நாட்டில் இது அதிசயம். அந்தக் குளிர்காலத்தில் யாரும் உறைந்து போகவில்லை, ஆலைகள் மொத்தமாக நிற்கவும் இல்லை. ‘ஜெர்மனி படுத்துவிட்டது’ என்பது அதனால் மிகை. ஆனால் மலிவான கேஸை நம்பிக் கட்டிய தொழில்களுக்குக் காயம் ஆழம். லுட்விக்ஸ்ஹாஃபனில் இருக்கிற பிஏஎஸ்எஃப் ஆலை, ஒரே இடத்தில் இருக்கிற ரசாயன ஆலைகளில் உலகிலேயே பெரியது. 2023-ல் அங்கே அமோனியா ஆலை ஒன்று உட்படச் சில பிரிவுகளை மூடுவதாக அறிவித்தார்கள். அதே கம்பெனி சீனாவின் ஜான்ஜியாங்கில் 10 பில்லியன் யூரோ அளவில் புது ஆலை கட்டிக்கொண்டிருந்தது.

2022 ஆகஸ்டில் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநில முதல்வர் கிரெட்ஷ்மன், எப்போதும் ஷவரில் நிற்க வேண்டுமா, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதும் நல்ல கண்டுபிடிப்புதான் என்று சொல்லி நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. வாளித் தண்ணீரில் குளித்து வளர்ந்த எனக்கு அதில் என்ன தப்பு என்று உடனே புரியவில்லை. பக்கத்து வீட்டம்மாவுக்குக் கோபம் துணிமேல் இல்லை. “அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள், நான் துடைத்துக்கொள்ள வேண்டுமா?” என்றார்.

ரஷ்யாமேல் கோபம் இருந்ததா என்றால், இருந்தது. ஆனால் அது டிவி பார்க்கும்போது வருகிற கோபம். கடிதம் பார்க்கும்போது வருகிற கோபம் பெர்லின்மேல். இரண்டையும் ஒரே ஆளிடம் ஒரே மாலையில் பார்க்கலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அரசின் எரிசக்திக் கொள்கைமேல் நம்பிக்கை இல்லாததற்கு வேறு காரணமும் உண்டு. ஹம்மின் கிழக்கோரத்தில் தோரியத்தில் ஓடும் 300 மெகாவாட் அணு உலை ஒன்று கட்டினார்கள். வருங்காலமே இதுதான் என்றார்கள். 1985-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி 1989-ல் மூடினார்கள். 1991-ல் குளிர்விப்புக் கோபுரத்தை வெடி வைத்துத் தகர்த்தார்கள். அதே இடத்தில் புது நிலக்கரி யூனிட் இரண்டு கட்டினார்கள். ஒன்று 2014-ல் ஓடத் தொடங்கி, நிலக்கரியைக் கைவிடும் திட்டத்தில் 2021-ல் மூடியது. அதன் ஜோடி, கட்டும்போதே கொதிகலன் கெட்டு, ஓடவே இல்லை. “சுரங்கம், அணு, கரி. மூன்றையும் கட்டினார்கள், மூன்றையும் மூடினார்கள். இப்போது நிலவறையில் இருக்கிற பாய்லரையும் மூடச் சொல்கிறார்கள்” என்பார் பெரியவர்.

பாய்லர் விஷயம் 2023-ல் வந்தது. புதிதாக வைக்கிற வீட்டு ஹீட்டர்களில் 65 சதவீதமாவது புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வேண்டும் என்று பொருளாதார அமைச்சர் ராபர்ட் ஹாபெக் சட்டம் கொண்டுவந்தார். ஓடுகிற பாய்லரை யாரும் பிடுங்கப் போவதில்லை என்று சட்டத்தில் இருந்தது. பத்திரிகைத் தலைப்பில் இல்லை. ஜெர்மன் வீடுகளில் பாதிக்குக் கேஸ் ஹீட்டர். எண்பது வயதுக்காரருக்கு, பாய்லருக்குப் பதிலாக மின்சாரத்தில் ஓடுகிற ஹீட் பம்ப் வைக்க இருபது முப்பதாயிரம் யூரோ என்றால் என்ன செய்வார்? கொள்கை எனக்குச் சரியாகவே படுகிறது. கேஸ் பில் பார்த்து நடுங்கிக்கொண்டிருக்கிறவர்களிடம் அதே குளிர்காலம் முடிந்த கையோடு நீட்டியது புத்திசாலித்தனம் இல்லை.

இங்கே உங்கள் இரண்டாவது ‘தான்’ வருகிறது. ஏஎஃப்டி என்கிற அந்த வலதுசாரிக் கட்சி 2013-ல் தொடங்கியபோது அதன் பேச்சு அகதிகளைப் பற்றியே இல்லை. யூரோ நாணயம் வேண்டாம், கிரீஸுக்குப் பணம் கொடுக்காதே என்று பேராசிரியர்கள் சிலர் தொடங்கிய கட்சி. 2015-ல் எட்டு லட்சத்து தொண்ணூறாயிரம் பேர் அடைக்கலம் தேடி வந்தார்கள். “நம்மால் முடியும்” என்றார் மெர்க்கல். 2017 தேர்தலில் கட்சிக்கு 12.6 சதவீதம். சரி, அகதிகளால் வளர்ந்தது. ஆனால் அகதிகள் எல்லாம் வந்து ஊருக்குள் குடியேறிய பிறகு, 2021-ல் 10.3 ஆகக் குறைந்தது. கருத்துக்கணிப்புகளில் அது இருபதைத் தொட்டது 2023-ல். நடுவில் நடந்தது என்ன? போர், கேஸ் பில், பணவீக்கம், பாய்லர் சட்டம், அதோடு மறுபடியும் கூடிய அகதி எண்ணிக்கை. 2023 ஜூனில் துரிங்கியா மாநிலத்தின் சோனபெர்க் மாவட்டத்தில் முதன்முறையாக அந்தக் கட்சிக்காரர் ஒருவர் மாவட்ட நிர்வாகத் தலைவராக ஜெயித்தார். பொம்மை செய்வதற்குப் பேர்போன சின்ன மாவட்டம். அங்கே வெளிநாட்டவர் கொஞ்சம்தான். பிரச்சாரத்தில் அகதிகளோடு சேர்ந்து பாய்லரும் முழங்கியது.

2025 பிப்ரவரிப் பொதுத்தேர்தலில் 20.8 சதவீதம், இரண்டாவது இடம். கிழக்கு ஜெர்மனி என்று ஒதுக்கிவிட முடியாது. எங்கள் பக்கத்து கெல்சன்கிர்ஷனில், அரை நூற்றாண்டுக்கு மேல் சமூக ஜனநாயகக் கட்சியின் கோட்டை, அதுவும் சுரங்க ஊர், வேட்பாளருக்கு இல்லாமல் கட்சிக்கென்று தனியாகப் போடுகிற வாக்கில் ஏஎஃப்டி முதலிடம்.

அகதிகள்மேல் கோபமே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, நியாயமானதும் இருக்கிறது. அகதியை ஏற்கிற முடிவு பெர்லினில் நடக்கிறது. படுக்கை, பள்ளி, டாக்டர், மொழி வகுப்பு எல்லாம் ஊராட்சி, நகராட்சி தலையில். மாநிலவாரியாகப் பங்கு பிரிக்க ஒரு சூத்திரம் உண்டு. அதன்படி ஆட்களை அனுப்பிவிடுவார்கள், காசு பின்னால் வரும், சில சமயம் வராது. பள்ளியில் விளையாட்டு அரங்கை மூடிக் கட்டில் போட்டால், மாதக்கணக்கில் பிள்ளைகளுக்கு விளையாட்டு வகுப்பு கிடையாது. அந்தத் தாயிடம் போய் மனிதநேயம் பேசினால் என்ன சொல்வாள்? 2024-ல் ஸோலிங்கன் நகரத் திருவிழாவில் சிரியாவிலிருந்து அடைக்கலம் தேடி வந்த ஒருவன் நடத்திய கத்திக்குத்துக்குப் பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. நான் ரயிலில் ஏறும்போது பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்று போவதை அந்த மாதங்களில் கவனித்தேன்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 2015-ல் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இன்று வேலையில் இருக்கிறார்கள். வெளிநாட்டு டாக்டர்களில் பெரிய கூட்டம் சிரியாக்காரர்கள், சுமார் 6,000 பேர். 2024 டிசம்பரில் சிரியாவில் ஆசாத் ஆட்சி விழுந்த மறுநாளே, திரும்பிப் போகிறவர்களுக்குத் தனி விமானமும் ஆளுக்கு 1,000 யூரோவும் கொடுக்கலாம் என்றார் யென்ஸ் ஷ்பான். அவர் முன்னாள் சுகாதார அமைச்சர்! மருத்துவமனைகள் பதறிவிட்டன.

அப்புறம், இதில் நம் ஆட்கள் கதை ஒன்று இருக்கிறது. இங்கே வந்த புதிதில் எனக்கும் தெரியாது. 1980-களில் இலங்கைத் தமிழர்கள் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் பிடித்து மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டார்கள். கிழக்கு ஜெர்மனி கண்டுகொள்ளாமல் விட்டது. மேற்கு ஜெர்மனியால் எல்லைச் சோதனை போடவும் முடியவில்லை, போட்டால் பெர்லின் சுவரை எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். 1985 ஜூலையில், கிழக்கு ஜெர்மனிக்கு வட்டியில்லாமல் கொடுத்து வந்த வணிகக் கடனின் வரம்பை 850 மில்லியன் மார்க்காக உயர்த்தி ஒப்பந்தம் போட்டார்கள். அதே மாதம், மேற்கு ஜெர்மன் விசா இல்லாத தமிழர்களுக்கு அந்த வழி அடைபட்டது. வியாபாரமும் அகதியும் வேறு வேறு என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 850 மில்லியன் ஞாபகம் வரும்.

ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் தேர்த் திருவிழா அன்று, அப்படி ஷோனஃபெல்ட் வழியாக ஜெர்மனிக்கு வந்த அண்ணை ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கோயில் இருப்பது தொழிற்பேட்டைக்குள், 2002-ல் குடமுழுக்கு. தீர்த்தமாடுவது நிலக்கரிப் படகு போகிற கால்வாயில். அவர் சொன்னது: “தம்பி, அந்த நாளில எங்களை வேலை செய்ய விடேல்லை. ஊர் எல்லையைத் தாண்டவும் விடேல்லை. பிறகு அவங்களே, இவங்கள் வேலை செய்யாமல் இருக்கிறாங்கள் எண்டும் பேசினவங்கள்.” நான் தலையாட்டினேன். ஐந்து நிமிடம் கழித்து அவரே, “ஆனா இப்ப வாறதுகள் வேற மாதிரித்தான்” என்றார். 

இந்த ‘வேற மாதிரி’யை எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரோடு சுரங்கத்தில் ஒரே குழுவில் வேலை செய்தவர் துருக்கியின் சோங்குல்டாக் பகுதிக்காரர், அவரும் நிலக்கரி ஊர். 1961-ல் துருக்கியோடு ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டதன் பின்னால் வந்தவர். இரண்டு குடும்பமும் இன்றும் பிறந்தநாளுக்குக் கேக் பரிமாறிக்கொள்கின்றன. “அவன் வேறு” என்பார் பெரியவர். வெளிநாட்டவரைப் பற்றி ஏதாவது காரமாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, “உன்னைச் சொல்லவில்லை” என்பார். இங்கே வாழ்கிற கறுத்த தோல்காரன் எவனும் இந்த வார்த்தையைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டான். முதலில் கோபம் வரும். நாளாக ஆக, அவர்கள் மனதில் ‘வெளிநாட்டவன்’ என்று ஒரு முகமில்லாத ஆள் இருக்கிறான், தெரிந்த முகம் எதுவும் அவனுக்குப் பொருந்துவதில்லை என்று புரிந்தது. புரிந்தாலும் எரிச்சல் போய்விடவில்லை.

நான் வந்ததுகூட ஒரு சண்டைக்கு நடுவில்தான். 2000-ல் கணினி ஆட்களுக்குத் தனி விசா கொடுக்கப் போகிறோம் என்றதும், எங்கள் மாநிலத் தேர்தலில் யுர்கன் ருட்கர்ஸ் என்ற தலைவரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட கோஷம் “கிண்டர் ஷ்டாட் இண்டர்”. இந்தியர்கள் வேண்டாம், நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று அர்த்தம். ஜெர்மனில் நன்றாக எதுகை விழும். அந்தத் தேர்தலில் அவர் தோற்றார், 2005-ல் ஜெயித்து முதல்வரானார். 2024 அக்டோபரில் அதே ஜெர்மனி, இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்தியது. ஆளே கிடைக்கவில்லை. ஒரு கையால் வாசலைச் சாத்திக்கொண்டே இன்னொரு கையால் ஜன்னல் வழியே கூப்பிடுகிறார்கள். இதைச் சாதாரண ஜனங்கள் கவனிக்கிறார்கள். ஆள் வேண்டுமா வேண்டாமா, ஒன்றைச் சொல் என்கிறார்கள். எந்தக் கட்சியும் தெளிவாகச் சொல்வதில்லை.

வியாபாரத்தைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அதில் ஜனங்களின் பேச்சு குறைவு, பயம் அதிகம். ஃபோக்ஸ்வாகன் ஒரு காலத்தில் விற்ற கார்களில் பத்துக்கு நான்கு சீனாவில் போயின. இன்று சீனாக்காரன் தன் நாட்டுக் கம்பெனியான பிஒய்டியின் காரை வாங்குகிறான். 2024 டிசம்பரில், ஆலைகளை உடனே மூடாமல் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைப்பது என்று தொழிற்சங்கத்தோடு உடன்பாடு ஆனது. உதிரிபாகம் செய்கிற இசட்எஃப் 14,000 வரை குறைப்போம் என்றது. சீன மின்கார்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கூடுதல் வரி போட்டபோது ஜெர்மனி எதிர்த்து ஓட்டுப் போட்டது. காரணம் எளிது: பதிலுக்குச் சீனா அடித்தால் அடி மெர்சிடிஸ் கார் செய்கிற ஸ்டுட்கார்ட்டில் விழும். பெரியவரின் மருமகன் ஒரு சின்ன உதிரிபாக ஆலையில் இருக்கிறார். அவரிடம் சீனாவைப் பற்றிக் கேட்டால் ஒரே மூச்சில், “வரி போட வேண்டும், ஆனால் போடக்கூடாது” என்பார். நாட்டின் கொள்கையும் ஏறக்குறைய அதுவே.

அமெரிக்கா பக்கமும் நிம்மதி இல்லை. 2025 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில் டிரம்ப்போடு ஐரோப்பிய ஒன்றியம் செய்துகொண்ட உடன்பாட்டில், ஐரோப்பியப் பொருள்கள் பெரும்பாலானவற்றுக்கு 15 சதவீத வரி. கூடவே மூன்று வருடத்தில் 750 பில்லியன் டாலருக்கு அமெரிக்க எரிபொருள் வாங்குவதாக ஒரு வாக்கு. ஜெர்மன் முனையங்களில் இறங்கும் திரவ எரிவாயுவில் பெரும்பங்கு ஏற்கெனவே அமெரிக்காவுடையது. நல்லவேளை, நாட்டுக்கு வரும் மொத்தக் கேஸில் அது சின்னப் பங்குதான், பாதிக்குக் கிட்ட நார்வேயிலிருந்து குழாயில் வருகிறது. ஆனால் “ஒருவன் காலில் விழுந்தோம், எழுந்து இன்னொருவன் காலில் விழுகிறோம்” என்று சந்தையில் மீன் விற்கிறவரே சொல்கிற அளவுக்கு இது தெருப் பேச்சாகிவிட்டது.

கடைசிக் கேள்வி, பழைய குழாயைத் திறந்தால் என்ன என்பது. இரண்டு நார்ட் ஸ்ட்ரீமிலும் இரண்டிரண்டாக மொத்தம் நான்கு குழாய்கள், அவற்றில் ஒன்று உடையாமல் இருக்கிறது. ஏஎஃப்டி அதைத் திறக்கச் சொல்கிறது, மற்றக் கட்சிகளிலும் அங்கங்கே ஓரிருவர் முணுமுணுக்கிறார்கள். திறந்தால் விலை கொஞ்சம் இறங்கும், அதை மறுக்க மாட்டேன். பழைய விலைக்குப் போகாது. முன்பு அது மலிவாக இருந்ததற்குக் காரணம் குழாய் மட்டும் இல்லை. முப்பது வருட ஒப்பந்தம், அதை நம்பி முதல் போட்ட ஆலைகள், அடுத்த குளிர்காலமும் வரும் என்ற உறுதி. உடைந்தது அந்த உறுதி. நாளைக்கே திறந்தாலும் எந்த ஆலைக்காரனும் அதை நம்பி இருபது வருடத்துக்குக் கணக்குப் போட மாட்டான். பில் போடும் மென்பொருள்காரனாக எனக்கு ஒன்று மட்டும் தெரியும்: 2022-க்குப் பிறகு மின்சாரம் விற்கிற கம்பெனிகள் கேட்கிற அம்சங்கள் எல்லாம் மாறிவிட்டன. முன்பெல்லாம் விலையை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுகிற மாதிரி செய்து கொடுத்தால் போதும். இப்போது மணிக்கு மணி.

பெரியவரிடம் இதைக் கேட்டேன். “திறக்கட்டும், மலிவாக வந்தால் வேண்டாம் என்பேனா?” என்றார். “ஆனால் விறகை நான் எடுக்க மாட்டேன்.” அந்த 2022 அக்டோபரில், உருளைக்கிழங்கை எல்லாம் கராஜுக்கு மாற்றிவிட்டு, பழைய நிலக்கரி அறையில் இரண்டு சுமை விறகு வாங்கிக் கூரை வரை அடுக்கினார். மருமகன்தான் சுமந்தார், நானும் கொஞ்சம் கை கொடுத்தேன். மூன்று குளிர்காலம் போயிற்று. ஒரு கட்டைகூட எரிக்கவில்லை. நோட்டு இரண்டாவது வாங்கியாகிவிட்டது.